அண்டைக்கல்

மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. பாதையெங்கும் புழுதி. ஆனாலும் ஏழாவது வளைவில் பின்டயர் சேற்றில் மாட்டியதுபோலச் சுற்றியது.

தீர்த்தகிரி பிரேக்கை மிதித்து நிறுத்தினான். ஏற ஏற இன்ஜினின் இழுவையும் குறைந்துகொண்டே வந்திருந்தது. இழுவை இல்லாத இன்ஜின் டயரை இப்படிச் சுழற்றாது. இரண்டும் சேர்ந்து வருவது இந்த வளைவில் மட்டும்தான். மத்தியானம்தான் ஆலங்காயத்தில் மெக்கானிக் காசி கார்புரேட்டரைக் கழற்றி ஊதி, பிளக்கைத் துடைத்துக் கொடுத்திருந்தார்.

"வண்டி நல்லாத்தான் கீது. பின்னாடி வெயிட் இல்லன்னாதான் டயர் சுத்தும். ரெண்டு உப்பு மூட்டைய போட்டுகினு போ," என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். "பிரேக்கையும் பார்த்துட்டேன்பா. இனிமே அது மாதிரி ஆவாது."

தீர்த்தகிரி தலையாட்டிவிட்டு வந்தான். பெண்டாட்டி வடிவு செத்த அன்று பிரேக் விட்டுவிட்டது என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தான்.

இந்தப் பழைய பிக்கப்புக்கு ஹேண்ட்பிரேக் எப்போதோ போய்விட்டது. ஏற்றத்தில் நின்றால் வடிவுதான் இறங்கிப் போய், வண்டி பின்னால் உருளாதபடி பின்டயருக்கு அண்டையாகக் கல் வைப்பாள். வைத்ததும் வண்டியின் பின்பலகையை இரண்டு தட்டு தட்டுவாள். அதற்கப்புறம்தான் அவன் பிரேக்கிலிருந்து காலை எடுப்பான். ஒன்பது வருஷம் இருவரும் இப்படித்தான் இந்த மலையை ஏறினார்கள்.

போன மார்கழியில் இதே இடம். "நல்ல கல்லு கெடைக்கல மாமா. கொஞ்சம் இரு," என்றாள். காதில் விழத்தான் செய்தது. கால் கடுத்தது, சந்தைக்கு நேரமாகிற எரிச்சல் வேறு. தட்டு கேட்கும் முன்பே காலை மாற்றி ஆக்சிலேட்டரை அழுத்தினான். டயர் வெறுமனே சுற்றியது. வண்டி பின்னால் நகர்ந்து, எதன் மேலோ ஏறி இறங்கியது.

இப்போது இன்ஜின் தானாக அணைந்தது.

பள்ளத்திலிருந்து ஏறிவந்த பனி முன்கண்ணாடியை மூடியது. தேய்ந்த ரப்பர் நாற்றத்துக்கும் பெட்ரோல் வாடைக்கும் நடுவே, யாரோ அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பதுபோல ஈரச் சீயக்காய் வாசனை மெல்லப் பரவ, வண்டிக்குப் பின்னால் சரளையை மிதித்துக்கொண்டு யாரோ நடந்தார்கள். ஒரு கல்லை எடுக்கும் சத்தம். அதைக் கீழே போடும் சத்தம். இன்னொரு கல்.

இரண்டு உள்ளங்கால்களும் பிரேக்கில் பதிந்தன.

"வடிவு?"

சரளைச் சத்தம் நின்றது.

"நல்ல கல்லு கெடைக்கல மாமா. கொஞ்சம் இரு."

அதே குரல். கோபமே இல்லை. அதுதான் அவன் நெஞ்சைப் பிளந்தது. ஒரு வருஷமாக இங்கேயே கல் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"இருக்கேன்டி," என்று அழுதான். "எத்தினி நேரமானாலும் இருக்கேன். நீ தட்டு. அப்பால எடுக்கறேன்."

தட்டு விழவில்லை.

சாய்ந்து தொங்கிய பக்கக் கண்ணாடியில் பின்டயர் தெரிந்தது. கல் இல்லை. கல் வைக்கிற இடத்தில் இரண்டு கைகள். பச்சை வளையல். உள்ளங்கைகள் டயரில் ஊன்றியிருந்தன.

அப்போது காலுக்கடியில் பிரேக் மிதி இறங்கியது.

காசி பார்த்துக்கொடுத்த பிரேக். நல்ல பிரேக். அழுத்தினான். இன்னும் அழுத்தினான். கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமே இல்லாமல் இறங்கியது.

"வடிவு, கைய எடு. பிரேக் புடிக்கல. சத்தியமா புடிக்கல."

மிதி தரையைத் தொட்டது. கண்ணாடியில் அந்தக் கைகள் அப்படியே இருந்தன.