பன்னிரண்டாம் துளையும் ஒரு சந்தனப் பொட்டும்

"எந்த ஓட்டையில சொருகினீங்க? கண்ணு பின்னாடியா இருக்கு?"

அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்த சர்வர் அறையில், ஏசியின் இரைச்சலையும் மீறிக் கேட்டது கவிப்பிரியாவின் குரல். எதிரே, தோளில் நீலக் கேபிள் சுருளோடு தமிழ்வாணன் நின்றான். கேபிள் இழுப்பவன். மழையில் நனைந்த முடி... அதற்குக் கீழே கோபமே தெரியாத இரண்டு கண்கள்.

காலையிலிருந்து அவள் புது சர்வருக்குள் பத்து விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளால் ஆன பத்து கணினிகளை, உருவாக்கிவிட்டாள். எல்லாம் எழுந்து உட்கார்ந்தன. எதற்கும் நெட்வொர்க் முகவரி மட்டும் வரவில்லை. தன் வேலையை மூன்று முறை சரிபார்த்தாள். தப்பே இல்லை. அப்படியானால் இவன்தான்!

"ஸ்டிக்கர்ல இன்னா போட்டுகீதோ அதுலதான் மேடம் சொருகினேன். ரெண்டு."

"பன்னிரண்டுங்க! ரெண்டு வேற நெட்வொர்க்!"

சத்தம் கேட்டு காண்ட்ராக்டர் எட்மண்ட் ஓடி வந்தார். "நம்பர்கூடப் படிக்கத் தெரியாதாடா? நாளைக்கு வேலைக்கு வராதே."

தமிழ்வாணனுக்கு நம்பரைக் காட்டவென்று குனிந்த கவிப்பிரியா அப்படியே நின்றாள்.

சர்வரின் முகப்பில், கேபிளை எந்தத் துளையில் சொருக வேண்டும் என்று சொல்லும் ஸ்டிக்கர். அதில் 2 மட்டும் தெரிந்தது. முன்னால் இருந்த 1-இன் மேல், காய்ந்துபோன சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். முந்தாநாள் ஆயுத பூஜைக்கு அவள் கையால் வைத்தது.

அவள் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான்.

"என் தப்புதான் அண்ணாத்தே," என்றான் எட்மண்டிடம். மெதுவாக.

சொல்லிவிடலாமா... இத்தனை கத்தலுக்குப் பிறகா? டீம் முழுக்கச் சிரிக்குமே! அவன் தோளில் சுருளோடு கதவுப் பக்கம் திரும்பினான்.

"சார், அவரை அனுப்பாதீங்க. தப்பு என்னோடது. நம்பரை மறைச்சுப் பொட்டு வெச்சது நான்தான்."

எட்மண்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். "போடா, போய் மாத்திச் சொருகு!"

கேபிள் பன்னிரண்டுக்கு மாறியது. ஒன்று, இரண்டு, மூன்று... பத்துக்கும் முகவரி வந்தது. கவிப்பிரியா சின்னப் பிள்ளைபோல் கை தட்டினாள்.

சாயங்காலம். டீக்கடைத் தகரத்தில் மழை தாளம் போட்டது. அதன் கீழே இருவரும்.

"ஸாரிங்க... ஆனா பொட்டைத் தொடச்சுப் பார்த்திருக்கலாமே?"

"உள்ள இன்னொரு நம்பர் கீதோன்னு சந்தேகம் வந்துச்சு மேடம்."

"அப்புறம் ஏன் தொடைக்கல?"

அவன் டீ கிளாஸைப் பார்த்தான். "பூஜை அன்னிக்கு பொரி வாங்க வந்தேன். கதவாண்ட நின்னுகினு பார்த்தேன். நாக்கைக் கடிச்சிகினு, கொயந்தைக்கு வெக்கிற மாதிரி வெச்சீங்க... அதை அயிக்க மனசு வரல."

மழை இன்னும் கொஞ்சம் வலுத்தது. நல்லவேளை... இல்லாவிட்டால் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது அவனுக்குக் கேட்டிருக்கும்.

"அடுத்த பூஜைக்கு சர்வருக்கு வெக்க மாட்டேன்."

"பின்ன யாருக்கு?"

"உங்க நெத்தியில வெக்கணும். அதுக்கு ஆவடிக்கு வந்து எங்கப்பாகிட்ட கேளுங்க... மேடம்னு கூப்பிடாம."

அவன் கையிலிருந்த டீ பாதி சட்டையில் கொட்டியது. அதைத் துடைக்கவும் அவனுக்கு மனசு வரவில்லை.