மாந்தர் நகரில் ஒரு வாரம்

மாந்தர் நகருக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் தும்ம வேண்டும்.

வாசல் காவலர் மூக்கருகே மிளகுப் பொடியை ஊதுவார். பால் வாங்கப் போனவரானாலும் சரி, கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பட்டுப்புடவையில் வந்து இறங்குகிறவரானாலும் சரி, நின்று நன்றாகத் தும்மிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சதையும் ரத்தமும் வைத்து வளர்த்த எந்திரங்களுக்கு உருவர் என்று பெயர். எதில் தேறினாலும் தும்முவதில் உருவர்கள் கோட்டை விட்டுவிடுவார்கள் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். போன வருஷம் வந்த புது வகை உருவர்களோ அருமையாகத் தும்மி, கையோடு கைக்குட்டையும் தேடினார்கள். ஆனாலும் மிளகுப் பொடியை யாரும் நிறுத்தவில்லை. ஏதோ ஒரு சோதனை இருக்கிறது என்பதே மனசுக்கு ஒரு தெம்பு.

நகர் இருந்தது உத்திரமேரூரில். வெற்றிட ரயிலில் ஏறி உட்கார்ந்து செருப்பைச் சரி செய்வதற்குள் சென்னை வந்துவிடும். யாரெல்லாம் பதவிக்கு வரக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் அது. ‘மனிதர்களுக்கு மட்டும்’ என்ற பலகை அங்கே உறுத்தலாகவே தெரியவில்லை.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் ரக்‌ஷித்தும் தன்ஷிகாவும் அங்கே வீடு பார்க்க வந்தார்கள். அறுபது தாண்டியவர்கள் என்று அவர்கள் பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும். ஒரே மகளுக்குப் புதுமையாக இருக்கட்டுமென்று செங்கமலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் நிலவின் தென்முனைச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய் ஆறு வருஷமாகிறது. நிலவிலிருந்து திரும்புகிறவர்களுக்கு எலும்பு லேசாகிவிடும்; வந்தால் நாற்பது நாளாவது தரைத்தளத்தில், காலாற மண்ணில் நடக்க வசதியுள்ள இடத்தில் தங்க வேண்டும். பெற்றோரின் வீடோ பள்ளிக்கரணையில் எழுபத்தோராவது மாடி. “கீழ்வீடா ஒண்ணு பாருங்கம்மா, வர்றேன்” என்று அவள் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தன்ஷிகா கணவரை இழுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தாள்.

அலைந்தாலும் அவ்வளவு சுலபத்தில் யாரையும் நம்ப மாட்டாள். பள்ளிக்கரணையில் நன்றாகச் சூடுபட்டவள். எதிர்வீட்டுக்காரர் நாலு வருஷம் நெருங்கிப் பழகினார். நாத்தனார் சண்டை முதல் மூலக் கோளாறு வரை அவரிடம் எல்லாவற்றையும் கொட்டியாயிற்று. கடைசியில் பார்த்தால் அவர் உருவர். விற்காத வீடுகளில் ஆள் நடமாட்டம் தெரியட்டுமென்று கட்டடக்காரர்களே கொண்டுவந்து வைத்தது. அந்த அவமானம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

மாந்தர் நகரில் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வாழ்ந்து பார்க்கலாம். வீடு பிடித்துவிட்டது. வேப்பமரம், மண் நடைபாதை, செங்கமலத்துக்கென்று தெற்குப் பார்த்த அறை. உறுத்தியது பக்கத்து வீட்டு வர்ஷினிதான்.

வந்த அன்று தன்ஷிகா ஒரு டப்பாவில் வத்தக்குழம்பு கொடுத்தாள். மறுநாள் டப்பா திரும்பி வந்தது. உள்ளே எலுமிச்சை ஊறுகாய்.

“வெறும் டப்பாவாக் குடுக்கக் கூடாதுல்ல, அதான்” என்றாள் வர்ஷினி. “உங்க முட்டி வலி எப்படி இருக்கு? நேத்து வாசப்படி ஏறும்போது சொன்னீங்களே.”

தன்ஷிகா கதவைச் சாத்திவிட்டு நேராகக் கணவரிடம் போனாள். “என்னங்க, இது மனுஷி இல்லீங்க.”

“ஊறுகாய் குடுத்தா எந்திரமா?”

“முட்டி வலிய ஞாபகம் வச்சிருக்காங்க. சொல்லி முழுசா ஒரு நாள் ஆகுது. நீங்க ஞாபகம் வச்சிருக்கீங்களா?”

ரக்‌ஷித்துக்கு எந்த முட்டி என்றுகூடத் தெரியாது. அதிலிருந்து அவரும் கவனிக்க ஆரம்பித்தார். கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம் வலுத்தது. வர்ஷினியின் கணவர், பேசுகிறவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பேசினார். பழைய ஜோக்கைக் கடைசி வரை கேட்டுவிட்டுச் சிரித்தார். ஒரு கேள்வி கேட்டால் அதற்கு வந்த பதிலிலிருந்து இன்னொரு கேள்வி கேட்டார். இப்படி யார் பேசுகிறார்கள்? ரக்‌ஷித் தன் சொந்த அண்ணனிடம்கூடப் பகரி வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். பகரி என்றால், நம் குரலில் நமக்குப் பதிலாகத் தொலைபேசியில் பேசிவிடும் குட்டி எந்திரம்.

“நம்ம பொண்ணு வந்து இறங்கற இடத்துல இதுங்களா பக்கத்துல இருக்கும்?” என்றாள் தன்ஷிகா. அன்றே இருவரும் நகரின் குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தார்கள்.

சங்கத்தின் மெய்ச்சோதகர் பிலோமினா வந்தார். புகார் வந்தால் சொன்னவர் வீட்டையும் சேர்த்துச் சோதிப்பது அங்கே விதி. மடியில் கனமில்லை என்பதால் இருவரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். பேச்சைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடும் கருவி ஒன்று மூன்று நாள் இரு வீட்டுச் சுவரிலும் தொங்கியது. வார முடிவில் பிலோமினா திரும்பி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் மனுஷங்கதான்.”

தன்ஷிகாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “நல்லாப் பார்த்தீங்களா?”

“பார்த்தாச்சும்மா. நீங்க ரெண்டு பேரும்கூட மனுஷங்கதான். ஆனா குடிவரப் போறது மூணு பேருன்னு சொல்லியிருக்கீங்க. தெனமும் காலையில நிலவுலேருந்து உங்ககூடப் பேசறாங்களே உங்க பொண்ணு, அது மனுஷி இல்ல. பகரி. இந்த வீட்ட உங்களுக்குக் குடுக்க முடியாதும்மா.”

தன்ஷிகா எழுந்து நின்றுவிட்டாள். “இன்னைக்குக் காலையிலகூட நானேதான் கூப்பிட்டேன், எங்கிட்டப் பேசினாளே!”

“என்ன பேசினாங்க?”

“சாப்பிட்டேன்மா, நல்லா இருக்கேன்மா, வேலை இருக்கு, அப்புறம் பேசறேன்னா.”

“நேத்து?”

“அதேதான்.”

“உங்களுக்குச் சந்தேகமே வரலையா?”

“எதுக்கு வரணும்?” தன்ஷிகா திகைத்தாள். “பிள்ளைங்க அப்படித்தானே பேசும்?”

விதிப்படி செங்கமலத்தையே நேரடியாகப் பிடித்திருப்பதாகவும், இப்போது இணைப்பில் இருப்பதாகவும் சொல்லிப் பிலோமினா தன் தொலைபேசியை நீட்டினார். “உங்கம்மா இருக்காங்க, பேசுங்க” என்றார் அதற்குள். நிலவுக்குக் குரல் போய்த் திரும்பும் சிறிய இடைவெளி. பிறகு சுரங்கத் தூசியில் கரகரத்த ஒரு பெண்குரல் கேட்டது.

“எங்கம்மாவா? அவங்க பேசி எத்தனை வருஷமாச்சு! தெனமும் அவங்க வச்ச பகரிதானே கூப்பிடுது? சாப்பிட்டியா, ஒடம்பு எப்படி இருக்கு, எப்ப வர்றே. ஒரு வார்த்தை மாறாது. அதுகிட்டப் பேசத்தான் நானும் ஒண்ணு வாங்கி வச்சேன்.”

தன்ஷிகா தொலைபேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். “என்னங்க, யாருங்க இது? நம்ம பொண்ணு குரல் தேன் மாதிரி இருக்கும். இது ஏதோ உருவர் மாதிரி இருக்கு.”

“அம்மா, நெஜமாவே நீங்கதானா?” கரகரத்த குரலில் இப்போது ஓர் ஆசை தெரிந்தது. “நீங்கதான்னா எங்கிட்ட வேற ஏதாவது கேளுங்க. இதுவரைக்கும் கேக்காதது. என்ன வேணா கேளுங்கம்மா.”

தன்ஷிகா யோசித்தாள். மகளைப் பற்றித் தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. தெரியாதவளிடம் எதைக் கேட்பது என்ற பயம் வேறு. கடைசியில் மனசில் இருந்ததையே கேட்டாள்.

“வீடு பார்த்திருக்கோம். எப்ப வர்றே?”

இடைவெளி. நிலவிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. “பார்த்தீங்களா மேடம், அதேதான். எங்கம்மா எங்க இருக்காங்கன்னு நீங்களாவது விசாரிச்சுச் சொல்லுங்க. எனக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு.”

ஒரு சின்னச் சொடுக்கு. அதன் பின் பிசிறில்லாமல் இனிமையாக வந்தது குரல்.

“சாப்பிட்டேன்மா. நல்லா இருக்கேன்மா. சீக்கிரம் வர்றேன்மா.”

தன்ஷிகாவின் முகம் மலர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இதாங்க நம்ம செங்கமலம்!” என்றாள் கணவரிடம். பிலோமினாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இவங்க குடுக்கலேன்னா போகட்டும். இவளச் சேத்துக்கற நகரா வேற பாப்போம்.”