இங்கே சாலை உள்ளதா?

காற்று லாரி வரும் நாட்களில் செவ்வாய்க் கோளின் வடமேட்டுக் குடியிருப்பில் காலி உருளைகள் வரிசை கட்டி நிற்கும். சிவப்புப் பட்டை அடித்தது ஒரு வீட்டுடையது, கழுத்தில் துணி சுற்றியது இன்னொரு வீட்டுடையது. ஆள் நகர்ந்தாலும் உருளை இடம் பிடித்துக்கொள்ளும். நான்கு நாட்களாக அந்த வரிசை நகரவில்லை. இருக்கும் காற்று நாளை மதியம் வரைதான்.

ஓட்டுநரில்லா லாரி வரைபடத்தை மட்டுமே நம்பும். வரைபடத்தில் நேர்ச்சாலை இருந்தது. தரையில் அது மண் சரிந்து பள்ளமாகியிருந்தது. லாரி விளிம்பு வரை வந்து திரும்பிப் போனது. குன்றைச் சுற்றும் பழைய சாலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நேர்ச்சாலை 'இருக்கும்' வரை லாரி அந்தப் பக்கம் போகாது.

குடியிருப்பின் முதல் பட்டதாரி செங்கனி, கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கி ஏறி, ஐந்து மணி நேரம் நடந்து வரைபட அலுவலகத்துக்கு வந்தாள்.

"சார், அங்க ரோடே கிடையாது! எங்களுக்கு மூச்சு முட்டுது, நீங்க காத்தோட்டமா உட்கார்ந்து படம் பாக்குறீங்க!"

சரிபார்ப்பாளர் தணிகாசலம் திரையை அவள் பக்கம் திருப்பினார். "கத்தாதம்மா. ரோடு இருக்குன்னு இருநூத்திப் பன்னெண்டு பேரு சொல்லியிருக்காங்க."

"எந்தப் புளுகனுங்க அது?"

"அத்தனையும் உங்க வடமேட்டு ஆளுங்கதான்."

பனிச் சுரங்கத்துக்குப் போகும் வழியில், பள்ளத்தின் விளிம்பில், எல்லோருடைய தலைக்கவசத்திலும் வரைபட அலுவலகத்தின் கேள்வி ஒளிரும்: 'இங்கே சாலை உள்ளதா?' பதில் சொல்லும்வரை கண்ணை மறைக்கும். 'இல்லை' என்றால் மேலும் பதினோரு கேள்விகள். 'ஆம்' என்றால் உடனே போய்விடும்.

"எதிர்ல பள்ளம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. அதைப் பாத்துக்கிட்டே ஆமாம்னு அமுக்குவானுங்களா? அறிவு வேணாம்?"

"கடைசி 'ஆம்' இன்னிக்குக் காலையில. ஆறு மணி பத்து நிமிஷம்." தணிகாசலம் பெயரைத் தொட்டுக் காட்டினார்.

செங்கனி.

கயிற்றுக்கு முடிச்சுப் போடும் அவசரத்தில் எதையோ அமுக்கித் தள்ளியது நினைவுக்கு வந்தது. அவள் குரல் இறங்கியது. ஆத்திரம் இறங்கவில்லை. "இப்ப என்ன செய்யணும்?"

"பாதிப் பேருக்கு மேல 'இல்லை'ன்னு மாத்தணும். இருக்கிற இடத்துலேருந்தே மாத்தலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு பதினோரு கேள்விகளுக்கும் பதில் போட்டாள். பிறகு ஊரார் எல்லோரும் இருக்கும் அரட்டைக் குழுவில் எழுதினாள்: 'நாளை மதியம் காற்று தீர்ந்துவிடும். ஆம் என்று போட்டவர்கள் எல்லோரும் உடனே இல்லை என்று மாற்றுங்கள். எப்படி மாற்றுவது என்பது கீழே.'

ஒரே நிமிடத்தில் பதில்கள் வந்து குவிந்தன. உயர்த்திய கட்டைவிரல்கள், இருநூற்றுப் பதினொன்று. யாரோ ஒரு ரோஜாப்பூவும் அனுப்பியிருந்தார்.

"பரவாயில்லையே, உங்க ஊர்ல நல்ல ஒத்துமை" என்றார் தணிகாசலம்.

செங்கனி திரையைப் பார்த்தாள்.

ஆம்: 211. இல்லை: 1.