மூன்றாவது ஸலாம்

பின்னேர அஸர் தொழுகை முடிந்து சுல்பிகா முஸல்லா விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோது, மேசையில் திறந்தபடி கிடந்த மடிக்கணினி ஒரு தரம் மணியடித்தது. வந்திருந்தது ஒரு மின்னஞ்சல். அனுப்பியவர் பெயர் இன்ஷாப்.

இன்ஷாப் அவளுடைய புருஷன். கப்பலில் மின் வேலை பார்த்தவன். நடுக்கடலில் தவறி விழுந்துவிட்டான் என்று கொம்பனி அறிவித்தது. அடக்கம் செய்ய மையத்தும் கிடைக்கவில்லை. சாய்ந்தமருதில் உடலில்லாமலே காயிப் ஜனாஸா தொழுது இன்றைக்கு முப்பத்தெட்டு நாள். சுல்பிகா அன்றிலிருந்து விதவைக்குரிய இத்தா இருக்கிறாள். வாசற்படி தாண்டவில்லை, அந்நிய ஆண் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"அன்புள்ள மனைவிக்கு, நான் உயிரோடு இருக்கிறேன். வந்துகொண்டிருக்கிறேன்."

பெயர் சரி. முகவரியும் கொம்பனி கொடுத்த அதே முகவரிதான். ஆனால் "அன்புள்ள மனைவிக்கு" என்று எழுதுகிற ஆளா இன்ஷாப்? அவன் "என்னகா" என்று தொடங்குவான், அடுத்த சொல் "சோறு திண்டியா" என்றிருக்கும். பத்து வருடத்தில் ஒருநாளாவது அவன் அவளை மனைவி என்று எழுதியதில்லை.

வெளியே மாரி மழை ஓட்டுக் கூரையில் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அடைத்த ஜன்னல்களுக்குள் ஈரச் சுவரின் வாடையும், காலையில் புகைத்த சாம்பிராணியின் மிச்சமும் கலந்து கிடந்தன. உம்மா மாவடிப்பள்ளியில் ஒரு மையத்து வீட்டுக்குப் போயிருந்தாள், அந்தி மஃரிபுக்குத்தான் வருவாள். கேட்க ஆளில்லை. கல்முனையில் கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கும், கூடப்பிறந்த காக்கா றமீஸுக்குக் கைபேசியில் அழைப்பு எடுத்தாள்.

"காக்கா, இவர்ட பேர்ல மெயில் வந்திரிக்கி."

றமீஸ் கடைக்கு வெளியே வந்து கதைத்தான். "தங்கச்சி, அனுப்புநர் எண்ட இடத்தில ஆரும் எந்தப் பேரையும் எழுதலாம். காயித உறைக்குப் பின்னால பேர் எழுதுற மாதிரித்தான் அது. தபால் கந்தோர் அதப் பாக்கிற இல்ல. நாம முத்திரையத்தான் பாக்கணும். மூண்டு புள்ளி இரிக்கும், அத அமத்தி மூலத்தக் காட்டச் சொல்லு."

அமத்தினாள். திரை நிறைய எறும்பு வரிசை மாதிரி எழுத்துகள் விரிந்தன.

"அதில மூண்டு சோதன இரிக்கும். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். கொம்பனிட சேர்வர்தான் அனுப்பினதா, கொம்பனிட கையெழுத்து இரிக்கா, பேரும் முகவரியும் ஒண்டுக்கொண்டு பொருந்துதா. என்ன போட்டிரிக்கி?"

"மூண்டும் பெயில் காக்கா."

"அப்ப கள்ள மெயில். ஆரோ ஹராங்குட்டி விளையாடுறான். அழிச்சிட்டு யாஸீன் ஓது."

கள்ள மெயில் என்று தெரிந்தால் மற்றவர்களுக்கு நிம்மதி வரும். சுல்பிகாவுக்கு இன்ஷாப் இரண்டாம் தரம் செத்தது போலிருந்தது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து அழிக்கப் போனவள், அழிக்காமல் பதில் எழுதினாள். அறிவு ஒன்று சொல்ல, கை இன்னொன்றைச் செய்தது. "என்ட இன்ஷாப் இப்படி எழுதமாட்டார். என்னகா எண்டுதான் கூப்பிடுவார்."

பத்து நிமிடத்தில் மறுமொழி வந்தது.

"என்னகா. நான் வந்துகொண்டிருக்கிறேன்."

மூலத்தைத் திறந்து பார்த்தாள். முதல் சோதனை பாஸ். மற்ற இரண்டும் பெயில். யாரோ இருட்டில் பூட்டுத் துளையைத் தடவிப் பார்க்கிறார்கள் என்று அப்போதாவது அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஒன்று பாஸாகிவிட்டது என்பது மட்டும்தான் அவள் கண்ணில் பட்டது. ஆசை மனுசரை அப்படித்தான் குருடாக்கும். திரும்பவும் எழுதினாள்: "அவர் வாறன் எண்டு எழுதுவார். நீங்கதானா? அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க."

"என்னகா. வாறன். சோறு வை."

மூன்றும் பாஸ்.

திரும்பவும் றமீஸுக்கு எடுத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "காக்கா, மௌத்தாகல்ல! உசிரோட இரிக்கார்! மூண்டும் சரி காக்கா!"

"ஏலாது," என்றான் றமீஸ். "அந்த முகவரிய மூடிட்டம் எண்டு கொம்பனி எனக்குக் காயிதம் தந்திரிக்கி. ரிசீவ்ட் எண்டு தொடங்குற வரியள மேல இருந்து கீழ வாசி. ஒவ்வொண்டும் ஒரு தபால் கந்தோர். மேல உள்ளது நம்மட சேர்வர் போட்டது, அத நம்பலாம். கீழ போகப் போகத்தான் கள்ளன் பொய்யா எழுதியிருப்பான். எங்க சங்கிலிக் கண்ணி அறுகுதோ, அங்கதான் அவன்."

அவள் வாசித்தாள். கண்ணி எங்கும் அறுந்திருக்கவில்லை. கடைசி வரியில், அனுப்பிய இடத்தைக் காட்டும் ஓர் இலக்கம் இருந்தது. றமீஸ் அதை எழுதிக்கொண்டு, அவள் வீட்டு வைஃபையின் இலக்கத்தை எடுக்க வழி சொன்னான். எடுத்தாள். சொன்னாள்.

"தங்கச்சி." அவன் குரல் தாழ்ந்துவிட்டது. "ரெண்டும் ஒண்டு. அனுப்பினவன் உன்ட வைஃபைலதான் இரிக்கான். வீட்டு வளவுக்குள்ள."

மழைச் சத்தம்.

"நீ அவனுக்கு என்னத்தயும் எழுதினியா?"

"ஓம் காக்கா. பிழையெல்லாம் நான்தான் திருத்திக் குடுத்த."

"நான் வெளிக்கிட்டுட்டன். அறைக்குள்ள இரி. கதவத் திறக்காத."

மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. அழைப்பு அறுந்துவிட்டது.

அப்போது முன்வாசலில் ஸலாம் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

இத்தா வீட்டுக்கு யார் வந்தாலும் வெளியில் நின்று மூன்று தரம் ஸலாம் சொல்வார்கள். உள்ளிருந்து பதில் வராவிட்டால் திரும்பிப் போய்விடுவார்கள். முப்பத்தெட்டு நாளும் ஊர் அந்த மரியாதையைக் காத்தது. பதில் சொல்லாமலிருந்தால் போதும்.

ஆனால் அந்தக் குரல். ஆண் குரல்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு இடைவெளி. மூச்சு எடுக்காமல் சொல்லப்பட்ட ஸலாம்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவுக்கடியால் உப்புத் தண்ணீர் வாடை வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

இந்தமுறை மூச்சு இருந்தது. இன்ஷாபின் கரகரப்பும் இருந்தது. கொஞ்சம் கூடிப்போன கரகரப்பு.

இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று. பேசாமல் இரு, சுல்பிகா. யா அல்லாஹ், என் நாக்கைக் கட்டு.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அவன்தான். வேலை விட்டு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, பாதிக் களைப்பில் பாதிச் சிரிப்பில் சொல்கிற அதே ஸலாம். ஓர் இம்மிக்கும் குறையில்லை. பதில் சொல்லாவிட்டால் போய்விடுவான். மெய்யாகவே அவனாக இருந்து, அவள் வாய் திறக்காததால் போய்விட்டால்? கடல் ஒரு தரம் கொண்டுபோனது. இந்தத் தரம் அவளல்லவா அனுப்பிவைத்தவள் ஆவாள்?

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றாள்.

எழுந்தாள். நடந்தாள். கதவுக் கொண்டியைத் தள்ளினாள்.

இன்ஷாப் நின்றான். கப்பலுக்குப் போன அன்று உடுத்த அதே சேர்ட். அதே நெற்றி. அதே தாடி. மழை கொட்டிக்கொண்டிருந்தது, அவன்மேல் ஒரு துளி ஈரமில்லை. அவள் அவன் முகத்தை ஆசையோடு, வெறியோடு பார்த்தாள்.

வலக் கன்னத்தில் மச்சம்.

இன்ஷாபுக்கு மச்சம் இடக் கன்னத்தில்.

அவள் வாய் திறக்கவில்லை. கண்தான் ஒரு நொடி இடக் கன்னத்துக்குப் போனது. அவன் அந்தக் கண்ணையே கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். மச்சம் மெல்ல அசைந்தது. மூக்கின்மேல் ஊர்ந்து ஏறி, மறுபக்கம் இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது.