அடிவயிற்றுச் சிடுக்கு

சீப்பில் வந்த முதல் கொத்தை விரல்களுக்கிடையே வைத்து உருட்டியதுமே, அதில் ஒரு முடி மட்டும் பூனையுடையதல்ல என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கண் அதற்குப் பிறகுதான் பார்த்தது.

முப்பத்திரண்டு வருடம் பஞ்சாலையில் பஞ்சைத் தொட்டுத் தொட்டுத் தரம் பிரித்த விரல்கள் அவை. அவர் ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் அவை ஓய்வு பெறவில்லை. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையின் தோளைத் தட்டிக்கொடுக்கிற சாக்கில் சட்டைத் துணியைத் தடவிப் பார்த்து, "கலப்பு" என்று பெண்ணின் அப்பா காதில் விழும்படி முணுமுணுக்கிற அளவுக்குச் சுறுசுறுப்பாகவே இருந்தன. ஆலையில் அவரை எல்லோரும் 'விரல்' என்றுதான் சொன்னார்கள். அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

அந்த முடி ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. மேல்பாதி நரை, கீழ்ப்பாதி சாயம் வெளுத்த பழுப்பு. மனைவியின் முடி. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை, பூனை எந்நேரமும் அவள் மடியில்தானே கிடந்தது என்று அவர் தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார். ஆனால் அவள் வீட்டை விட்டுப் போய்ப் பத்தொன்பது நாளாகிறது. முடியின் வேர்ப்பக்கம் வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது.

அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கோபித்துக்கொண்டு போனாள் என்று யாராவது சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். 'தற்காலிக மாறுதல்' என்பார். போகிற அன்று அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டே, பூனையைக் காட்டி நிதானமாகச் சொன்னாள்.

"முப்பத்தோரு வருஷத்துல உங்ககிட்ட ஒரு வேலை சொன்னதில்ல. இவளைத் தினமும் சீவி விடுங்க. இந்த ஒண்ணையாவது பொய் சொல்லாம செஞ்சீங்கன்னா திரும்பி வரேன். இல்லேன்னா வரமாட்டேன்."

மாலை ஐந்து மணியானால் போன் வரும். ஒரே கேள்விதான் கேட்பாள், சீவினீர்களா என்று. சீவியாச்சு என்பார் இவர். வெறுமனே சொன்னால் கௌரவமாக இருக்காதென்று, இன்றைக்கு உதிர்வு குறைவு, பளபளப்பு கூடியிருக்கிறது, மொத்தத்தில் தரம் உயர்ந்து வருகிறது என்று ஆலை அறிக்கை போல இரண்டு வரி சேர்த்துக்கொள்வார். இன்றைக்கு முன் ஒரு நாள்கூட அவர் சீப்பைத் தொடவில்லை.

ஐந்தாம் நாள் வெள்ளைப் பூனையின் அடிவயிற்றில் சின்னச் சின்ன முடிச்சுகள் விழுந்தன. பன்னிரண்டாம் நாள் அவை ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. வளர்ப்புப் பிராணிக் கடைக்காரர், கொஞ்சம் பவுடர் தூவி நுனியிலிருந்து மெல்ல மெல்லப் பிரியுங்கள், தண்ணீர் மட்டும் காட்டிவிடாதீர்கள் என்று சொன்னார். இழையைப் பற்றித் தமக்கு ஒரு கடைக்காரர் பாடம் எடுப்பதா என்று கால் மணி நேரம் அந்த மனிதருக்கு இவர் பாடம் எடுத்தார். வீட்டுக்கு வந்து, வெந்நீரும் சோப்பும் போட்டுப் பூனையின் வயிற்றைக் கசக்கித் தேய்த்தார். பஞ்சுக்கு அது சரி. விலங்கு முடி வெந்நீரும் சோப்பும் கண்டால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கம்பளியாக இறுகிவிடும். வாழ்நாளெல்லாம் பஞ்சை மட்டுமே தொட்டவருக்கு அது தெரிய நியாயமில்லை. மூன்றே நாளில் பூனையின் வயிற்றில், மார்பிலிருந்து பின்னங்கால் வரை, உலரவே உலராத ஒரு கம்பளித் தகடு.

நாளைக் காலை மனைவி வருகிறாள். அதனால்தான் இன்று நாலரை மணிக்கே, கண்ணாடி அடைத்த பின்பக்க பால்கனியில், துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடிமேல் கறுப்பு வெல்வெட் துணியை விரித்து அதன்மேல் பூனையைக் கிடத்தியிருந்தார். கறுப்புத் துணியில் பரப்பினால்தான் இழையின் நீளம் தெரியும். பூனைக்கு அது அவசியமில்லை. அவருக்கு அவசியம்.

வாடை முதலில் லேசாகத்தான் இருந்தது: தரை துடைத்த ஈரத்துணியை ஒரு வாரம் வாளியிலேயே மறந்துவிட்ட வாடை. சீப்பால் நெம்ப நெம்ப அதற்கடியிலிருந்து இன்னொன்று கிளம்பி வந்தது, பூச்சாடியில் மாற்றாமல் விட்ட தண்ணீரின் கொழகொழத்த இனிப்பு வாடை. அது மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, நாக்கின் அடியில் எச்சிலாக ஊறியது. தகட்டின் ஓரத்தைக் கத்திரியால் கொஞ்சம் நறுக்கித் தூக்கினார். அடியில் மஞ்சளாக ஏதோ பிசுபிசுத்தது. பொடுகுச் செதில்கள் ஈரத்தில் ஊறிப் பாலாடை போல மடிந்து கிடந்தன. மிளகுத் தூள் போன்ற தெள்ளுப் பூச்சியின் கழிவு அவர் நகக்கண்ணில் ஏறி, ஈரம் பட்டதும் சிவப்பாகக் கரைந்தது. மதியம் சாப்பிட்டது நெஞ்சுவரை வந்து விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனது.

பூனை அசையவில்லை. அவர் பக்கத்தில் வந்தாலே சீறுகிற ஜந்து, நான்கு கால்களையும் அகல விரித்து மல்லாந்து கிடந்தது. கையெழுத்து ஆவதற்காக மேஜைக்கு எதிரே காத்து நிற்கும் ஆள் மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. உர்ர் என்று ஒரே சீராக வயிற்றுக்குள் சத்தம்.

சீப்பை மறுபடி இழுத்தார். மூன்று நீள முடி. மறுபடி. ஒரு கற்றை.

பழக்கதோஷம், கை தானாகவே அவற்றை வெல்வெட்டின்மேல் நீளவாரியாக அடுக்கியது. பூனை முடி ஒரு வரிசை, இரண்டங்குலம், சுத்தம். மற்றது துணியின் ஓரத்தைத் தாண்டி, மூடியின் ஓரத்தையும் தாண்டித் தொங்கியது. நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

அடுத்த முடி வரவில்லை. அதாவது, வந்தது, ஆனால் முடியவில்லை. இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது. குளியலறை வடிகாலில் அடைத்த முடியை விரலால் இழுத்தவர்களுக்கு அந்த வருகை தெரியும். வழவழவென்று, சின்னச் சின்ன வெள்ளைக் கட்டிகளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு, கீழே எதையோ உரசிக்கொண்டே வரும். விட்டுவிடலாம் என்று அருவருப்பு சொன்னது. ஒரு இழையை எடுத்தால் அதன் மறுமுனையைப் பார்க்காமல் வைத்ததில்லை என்று அவருடைய பெருமை சொன்னது. அவர் எப்போதும் போலப் பெருமை சொன்னதையே கேட்டார். முடியை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

போன் அடித்தது. ஐந்து மணி. கையெல்லாம் பிசுக்கு. சோப்புத்தூள் டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனை மூக்கு நுனியால் அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டார்.

"சீவினீங்களா?"

"சீவிக்கிட்டே இருக்கேன்," என்றார். பத்தொன்பது நாளில் முதல் உண்மை. அதைக் கொண்டாடுவது போலச் சற்று அழுத்தி இழுத்தார்.

"மெதுவா," என்றாள்.

என்ன மெதுவா என்று கேட்டார். ஒன்றுமில்லை, கொஞ்ச நேரமாகத் தலை வலிக்கிறது, யாரோ முடியைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார். தூக்கம் போதவில்லை, நாளை இங்கே வந்து ஓய்வெடு என்று பெருந்தன்மையாக அனுமதி வழங்கினார். வழங்கிக்கொண்டே, இழையின் பலம் பார்ப்பது போல, விரலைச் சுண்டி ஒரே ஒரு இழு இழுத்தார்.

"ஸ்ஸ்..."

விட்டார். சத்தம் நின்றது. பக்கத்தில் இன்னொரு முடியைப் பிடித்தார். இழுத்தார்.

"அங்கதான். அங்கதான் வலிக்குது."

பால்கனிக் கண்ணாடியில் வெயில் மஞ்சளாக இருந்தது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. அவர் போனுக்கு அருகே குனிந்தார்.

"நீ எங்க இருக்க? உன் தங்கச்சி பக்கத்துல இருக்காளா?"

"இங்க யாரும் இல்லீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஒரே கதகதப்பா இருக்கு. மூச்சுதான் முட்டுது."

பூனையின் உர்ர் சத்தம். போனுக்குள்ளும் அதே உர்ர்.

அவர் கையை எடுத்தார். கை வரவில்லை. ஆள்காட்டி விரலில் சுற்றிய முடி தோலுக்குள் இறங்கியிருந்தது. விரல் நுனி நீலம். முப்பத்திரண்டு வருடத்து விரல்.

"பாதில விட்டுடாதீங்க," என்றாள் மனைவி. "பிரிச்சாத்தான் நான் வர முடியும்."

வராமலே இருந்துவிடட்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அவள் வராமலே போனால் இந்த வீடு எப்படியிருக்கும் என்று இன்னொரு நினைப்பு. ஒற்றைத் தட்டு. ஐந்து மணிக்கு அடிக்காத போன். பேசினால் திரும்பி வரும் தம் குரல்.

கத்திரியை இடது கையில் எடுத்தார். தகட்டின் ஓரத்தில் நுழைத்தார். நறுக்கினார். சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற சத்தத்தோடு தகடு கழன்று வந்தது. வாடை முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர். பூனை கொட்டாவி விட்டது.

அடியில் ரத்தமில்லை. புண்ணில்லை.

முடி. படிய வாரிய நரைமுடி. இரண்டு பக்கமும் பிரிந்து. நடுவே ஒரு வகிடு.

வெளுத்த, வியர்த்த தோல். மூச்சுக்கு ஏறி இறங்காத தோல். கீழே எலும்பு. உருண்டையான எலும்பு. அதில் ஒரு நாடி துடித்தது.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள். குரல் இப்போது போனிலிருந்து வந்ததா என்று அவர் பார்க்கவில்லை. "பத்தொன்பது நாளும் சீவினீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். உண்மை நாக்கு வரை வந்தது. பழக்கம் அதை முந்திக்கொண்டது.

"சீவினேன்."

உர்ர் சத்தம் நின்றது.

பூனையின் வயிற்றில், அந்த வகிட்டுத் தோல் மெல்ல மேலேறிச் சுருங்கியது. கீழே யாரோ புருவத்தை உயர்த்தினால் உச்சந்தலை சுருங்குமே, அப்படி.