வலது லைட் எரியவில்லை!

செல்போன் அலறியது.

கார் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த காஷியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி, இன்ஜினுக்கு அடியில் எங்கேயோ போய் விழுந்தது.

"ச்சே! சனியன்!"

அவன் மனைவி போர்ட்டிகோ படியில் உட்கார்ந்தபடியே போனை எடுத்தாள். ஸ்கூலில் கணக்கு டீச்சர். தெருவே அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடும். எரிச்சல் வந்தால் அவனும் அப்படித்தான் கூப்பிடுவான்.

ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"சொல்லுங்க இன்ஸ்பெக்டர்!"

"உங்க தம்பி கேஸ் விஷயமாத்தான்மா... மனசைத் தேத்திக்குங்க. எந்தக் கார் இடிச்சுதுன்னு கண்டுபிடிக்க வழியே தெரியல. ரோட்டுல கிடந்தது ஹெட்லைட் சில்லு நாலுதான். அதை வெச்சுக்கிட்டு நாங்க எங்கன்னு போய்த் தேடுறது?"

"அதனால?"

"ஃபைலை மூடச் சொல்லி மேலிடத்துல..."

"மூடுங்க! நல்லா மூடுங்க! மூடிட்டு அது மேலயே தலை வெச்சுத் தூங்குங்க! செத்தது என் தம்பி சார்... தெருநாய் இல்ல!"

போனைத் தூக்கிப் படியில் எறிந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

பானெட்டுக்குள் காஷியர் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்பாடா...!

கேஸை மூடுகிறார்கள்! சிரிப்பு வந்தது அவனுக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

ஏன் சிரிப்பு என்கிறீர்களா?

டீச்சரின் தம்பியை இடித்தது இந்தக் கார்.

ஓட்டியது இவன்!

போன மாதம், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். ஆபீஸ் பார்ட்டி. வயிற்றில் விஸ்கி, ஒரு கையில் செல்போன். வளைவு திரும்பியதும்... தடார்! சைக்கிளோடு ஒருவன் பறந்துபோய்ச் சாக்கடை ஓரம் விழுந்தான். கூரியர் பையன். வீட்டில் அவனைச் 'சிட்டு' என்று கூப்பிடுவார்கள்.

பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தான் காஷியர். கீழே கிடந்தவன் கையைத் தூக்கினான். காரை அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அத்தான்...!"

கூப்பிட்டான் பாவி மகன், நம்பிக்கையோடு! காஷியரின் கால் பிரேக்குக்குப் போகவில்லை. ஆக்ஸிலேட்டருக்குப் போனது. குடித்திருக்கிறோம், மாட்டினால் காஷியர் வேலை போய்விடும் என்ற ஒரே நினைப்பு.

'கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பொழைச்சிருப்பான்' என்று டாக்டர் சொன்னபோது, கதறிய மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றவனும் இவன்தான். இவனையெல்லாம் என்ன செய்தால் தகும்? நீங்களே சொல்லுங்கள்!

வலது ஹெட்லைட் நொறுங்கியிருந்தது. அதற்குள் சைக்கிள் பெல்லின் மூடி ஒன்று சிக்கியிருந்தது. மூடியின் மேல் பச்சை நெயில்பாலிஷில் ஒரு குட்டிக் குருவி. தம்பிக்காக டீச்சர் வரைந்தது. மூடியையும் விளக்கையும் ஒரு சாக்கில் கட்டி, ஊருக்கு வெளியே போகிற கால்வாயில் வீசினான்.

டீச்சர் தன் அம்மா வீட்டில் அழுதுகொண்டிருந்த நாட்களில், எங்கோ தூரத்துக் கடையில் புது ஹெட்லைட் வாங்கி வந்து மாட்டினான். ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் சந்தேகம் வரும் என்று இரண்டையும் மாற்றினான். கிழட்டுக் காருக்குப் புதுக் கண்! யாராவது கேட்டால்?

அதற்குத்தான் இந்த ஸெனான், பளீரென்று எரிகிற புது வகை பல்பு.

'ஸெனான் லைட் போடுறேன்... அதான் ஹெட்லைட்டையும் புதுசா மாத்திட்டேன்!'

ஒர்க் ஷாப்புக்குப் போக முடியாது. மெக்கானிக் கண் பொல்லாத கண். அதனால் லீவு நாளில், வீட்டிலேயே, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, விரலை நசுக்கிக்கொண்டு வேலை நடக்கிறது.

"உங்களுக்கு வெக்கமா இல்ல?"

டீச்சர் எழுந்து வந்தாள்.

"என்ன?"

"என் தம்பி விட்டுட்டுப் போன பழைய செருப்பு இன்னும் வாசல்ல கிடக்கு. அதை எடுத்து வைக்க எனக்குக் கை வரல. நீங்க காருக்கு ஜோடனை பண்ணிக்கிட்டிருக்கீங்க!"

"ஜோடனை இல்லடி... பழைய லைட் மங்கல். இருட்டுல ரோடே தெரியல. உன் தம்பிக்கு நடந்த மாதிரி இன்னொருத்தனுக்கு நடக்கக்கூடாதுன்னுதான்..."

எப்படி மனசு வந்தது அவனுக்கு! நாக்கு கூசவில்லை!

டீச்சர் அவனையே முறைத்துப் பார்த்தாள். பிறகு டார்ச்சை எடுத்துப் பானெட்டுக்குள் வெளிச்சம் காட்டினாள்.

"சரி, சீக்கிரம் முடிங்க. பார்க்கப் பார்க்க எரிச்சலா வருது."

"கையை வைக்காதே! பல்போட கண்ணாடியை வெறும் விரல்ல தொடக்கூடாது. விரல்ல இருக்கிற எண்ணெய் பட்டா பல்பு சீக்கிரம் போயிடுமாம்."

"பல்பு மேல இருக்கிற அக்கறை..."

முடிக்காமல் விட்டாள்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்திருந்தான் காஷியர். ஸெனானுக்கு ஷாக் அடித்தால் சாதாரண ஷாக் இல்லை என்று வீடியோக்காரன் திரும்பத் திரும்பப் பயமுறுத்தியிருந்தான். ஹெட்லைட்டின் பின்பக்க ரப்பர் மூடியில் ஓட்டை போட்டு, ஒயரை நுழைத்து, பல்பை மாட்டினான். பேலஸ்ட் என்கிற சின்ன அலுமினியப் பெட்டி... அதுதான் பல்புக்குக் கரண்டை ஏற்றிக் கொடுப்பது... அதை டேப் போட்டு ஒட்டினான்.

"எங்க அந்த வீடியோ? சார்ஜ் போயிடுச்சா?"

காஷியர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் போனைச் சார்ஜில் போட்டு, மிச்சத்தையும் பார்த்துவிட்டு வந்தான். பேட்டரி ஒயரை மாட்டினான். ஸ்விட்சைப் போட்டான்.

இடது பக்கம் குப்பென்று நீலமாகப் பூத்தது. மெதுவாக வெளுத்து, கண்ணைக் குத்துகிற வெள்ளையானது.

வலது பக்கம்... இருட்டு!

"எரிடா!" காரை ஓங்கி ஒரு உதை விட்டான். கால் விரல்தான் வலித்தது.

"காரை ஏன் உதைக்கிறீங்க? அது என்ன பண்ணுச்சு, பாவம்!"

அணைத்தான். போட்டான். தட்டினான். திட்டினான். ம்ஹூம்! மறுபடியும் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு பேலஸ்ட்டைக் குடைந்தான். வியர்வை கண்ணில் இறங்கியது.

அப்போது கேட் க்ரீச்சிட்டது.

நீல ஓவரால் போட்ட ஒரு பெண். தோளில் டூல்ஸ் பை. முகத்தில் கிரீஸ்.

"வணக்கம் டீச்சர்! லைட் வேலைன்னு சொன்னீங்களே?"

காஷியர் சீறினான். "யாரைக் கேட்டு மெக்கானிக்கை வரச் சொன்ன?"

"யாரைக் கேக்கணும்? காலையிலேர்ந்து நீங்க படுற பாட்டைப் பார்க்கச் சகிக்கல. என்கிட்ட படிச்ச பொண்ணுதான். கணக்குல சைபர் எடுத்தாலும் கை வேலையில கெட்டிக்காரி."

"வேணாம். அனுப்பு!"

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம்!"

"அதான் ஏன்னு கேக்கிறேன்!" டீச்சர் இடுப்பில் கை வைத்தாள். "ஒரு பொண்ணு பார்த்துட்டா காரு தேய்ஞ்சு போயிடுமா?"

காஷியர் யோசித்தான். ரொம்ப மறுத்தால் வம்பு. என்ன இருக்கிறது பார்க்க? பம்பரைக் கழுவியாகிவிட்டது. விளக்கும் மூடியும் கால்வாயில். கேஸே மூடியாகிவிட்டது!

"சரி, பாரும்மா. சட்டுன்னு பாரு!"

அந்தப் பெண் குனிந்தாள். ஒரு பார்வைதான்.

"சார், யார் இந்த வேலையைப் பார்த்தது? பேலஸ்ட்டைக் காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரி மாதிரி ஒட்டியிருக்கு!"

"நான்தான். என்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல சார். இதை பம்பருக்குப் பின்னால ஸ்க்ரூ போட்டு முறுக்கணும். இருங்க..."

கையை முழங்கை வரை பம்பருக்குள் விட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"உள்ளே என்னமோ அடைச்சிக்கிட்டிருக்கே..."

இழுத்தாள்.

டிங்...!

சிமெண்ட் தரையில் ஒன்று விழுந்தது. உருண்டது. உருண்டு உருண்டு வந்து காஷியரின் கால் கட்டைவிரலைத் தொட்டு, சுற்றி, அடங்கியது.

சைக்கிள் பெல் மூடி.

மேலே... பச்சையாய் ஒரு குட்டிக் குருவி!

காஷியர் துள்ளிப் பின்வாங்கினான். பேய் பிசாசை நம்பாதவன். ஆனால் இது? கையால் தொட்டு, சாக்கில் கட்டி, கால்வாயில் வீசிய மூடி!

"இது... இது எப்படி இங்க வந்துச்சு?" குரல் கிறீச்சிட்டது. "இல்ல... இருக்காது! இதை நான்தான் கால்வாய்ல போட்டேனே!"

டீச்சர் டார்ச்சை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.



"எதைப் போட்டீங்க?"

"அ... அது..."

"எந்தக் கால்வாய்ல சார்?" ஓவரால் பெண் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். குரல் அடியோடு மாறியிருந்தது. "பெல் மூடி காணாம போனதை நாங்க வெளியில யார்கிட்டயும் மூச்சு விடல. டீச்சருக்கும் எனக்கும் இன்ஸ்பெக்டருக்கும் மட்டும்தான் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஓவராலின் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கினாள். உள்ளே காக்கி. தோளில் நட்சத்திரம்!

சப்-இன்ஸ்பெக்டர்!

காஷியர் பாய்ந்தான். பானெட்டை அறைந்து சாத்தினான். டிரைவர் சீட்டில் விழுந்தான். கதவைப் பூட்டினான். சாவியைத் திருகினான்.

ஒரு சத்தமும் இல்லை.

மறுபடியும் திருகினான். காரில் ஒரு சின்ன விளக்குக்கூட எரியவில்லை.

நெகட்டிவ் ஒயர்! அதைக் கழற்றி வைத்தது அவனேதான்! காலையிலிருந்து அவன் செய்ததிலேயே ஒழுங்கான வேலை அது ஒன்றுதான்.

சப்-இன்ஸ்பெக்டர் ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டினாள்.

"இறங்குங்க சார். பெட்ரோல் போட்டு ஓடுற காரு... பெருமூச்சு விட்டா ஓடாது."

இறங்கினான்.

"இன்ஸ்பெக்டர்... கேஸை மூடறதா..."

"நான்தான் அப்படிப் பேசச் சொன்னேன்!" டீச்சர் வெடித்தாள். "உன் காதுல விழணும்னுதான் ஸ்பீக்கர்ல போட்டேன். பயம் தெளிஞ்சாத்தான நீ வேற ஒருத்தரைக் காருகிட்ட விடுவ?"

'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"உனக்கு... எப்படி...?"

"எப்படியா? ட்யூப்லைட் ஸ்டார்ட்டர் மாத்துறதுக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுற ஆளு நீ! பல்பு மாட்ட ஸ்டூல்ல ஏறினா தலை சுத்துதுன்னு சொல்ற ஆளு! திடீர்னு ஹெட்லைட்டையே கழட்டி மாட்டுறியாம். அதுவும் என் தம்பியைக் கொன்ன கார் ஹெட்லைட்டை உடைச்சிட்டுப் போயிருக்கிற நேரத்துல! நான் கணக்கு டீச்சர்டா... இது கூடவா கூட்டத் தெரியாது எனக்கு?"

"அப்போ அந்த மூடி..."

"கடையில வாங்கினேன். அவனுக்கு வரைஞ்ச அதே பாட்டில் நெயில்பாலிஷ்ல நேத்து உட்கார்ந்து வரைஞ்சேன். அழுதுக்கிட்டே வரைஞ்சேன்! குருவிக்கு வால் கொஞ்சம் கோணிப்போச்சு. அது கூட உன் கண்ணுக்குத் தெரியல பாரு!"

சப்-இன்ஸ்பெக்டர் ஓவரால் கை மடிப்பை உதறிக் காட்டினாள்.

"பம்பருக்குள்ள போகும்போது என் கையோடதான் சார் போச்சு. ஒரிஜினல் எந்தக் கால்வாய்லன்னு மட்டும் நீங்க சொல்லிட்டா, ஆளை இறக்கி எடுத்துடுவோம். கூடவே பழைய ஹெட்லைட்டும் வரும். ரோட்டுல கிடந்த சில்லோட பொருத்திப் பார்த்துக்கலாம்."

காஷியர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

டீச்சர் அவன் முன்னால் குனிந்தாள். கோபம் அவள் குரலை முழுசாக விழுங்கிவிட்டிருந்தது. மெதுவாகத்தான் கேட்டாள்.

"அவன் உன்னைக் கூப்பிட்டானா?"

காஷியர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சொல்லு! காரைத் தெரிஞ்சிருக்குமே அவனுக்கு... கூப்பிட்டானா?"

"அ... அத்தான்னு கூப்பிட்டான்..."

பளார்!

சாக்பீஸ் பிடித்துப் பிடித்து இறுகிப்போன கை. காஷியரின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ச் செடித்தொட்டியில் விழுந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அந்த நேரம் பார்த்து வானத்தில் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கு வெளியே ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். விலங்கு மாட்டி எழுப்பி நிறுத்தினார்கள் காஷியரை.

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. பானெட்டைத் தூக்கினாள். நெகட்டிவ் ஒயரை மாட்டினாள். வலது பக்க பேலஸ்ட்டில் தலைகீழாக மாட்டியிருந்த ப்ளக்கைப் பிடுங்கி, நேராகச் செருகினாள். ஸ்விட்சைப் போட்டாள்.

வலது ஹெட்லைட் நீலமாகப் பூத்து, வெள்ளையாக எரிந்தது!

வாயைப் பிளந்தான் காஷியர். "நீயா...? நான் உள்ளே போனப்போ..."

"நான்தான். பின்னே, லைட் எரிஞ்சிட்டா மெக்கானிக்கை எப்படிக் கூப்பிடுறது?"

ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது இரண்டு விளக்கும் ஒன்றாக அவன் முகத்தில் அடித்தன. கண் கூசி, விலங்கு மாட்டிய கையால் மறைத்துக்கொண்டான்.

"கூசுதா? பழகிக்கோ!" டீச்சர் கத்தினாள். "நீ போற இடத்துல ராத்திரி பூரா லைட்டை அணைக்கவே மாட்டாங்களாம். ஃப்யூஸ் போனாலும் கவலைப்படாதே... அங்கே உன்னை மாத்தச் சொல்ல மாட்டாங்க!"