ஐந்து மணிக் குரல்

வேர்மானியின் அறிக்கை ஒரே பக்கம்தான். பர்வீன் அதை மேசைமேல் திருப்பி வைத்து எல்லோருக்கும் தெரியும்படி விரலால் காட்டினாள். நிறைமதி, நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. காப்பகம், ஐந்து. மழை, இரண்டு.

அர்த்தநாரி முதல் வரியைத் தாண்டவில்லை. மகளின் பெயரை அவர் கடைசியாக அச்சில் பார்த்தது அவளுடைய இறப்புச் சான்றிதழில். அதற்கு எட்டு மாதம் ஆகிறது.

திருப்பூர் நாய்வழக்கு அலுவலகத்தில் பர்வீன்தான் வேர் அலுவலர். அவளுக்கு எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பருத்தி என்ற வெள்ளை நாயின் சொந்தக்காரரான அர்த்தநாரி. நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் 'வாலாட்டும் வீடு' காப்பகத்தை நடத்தும் பூங்கோதை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் மரகதம். மரகதத்தின் மடியில் ஒரு காலி கழுத்துப்பட்டை கிடந்தது. அது அவளுடைய நாய்க்குட்டி எள்ளுவுடையது. எள்ளு செத்து நான்கு நாளாகிறது.

முன்பெல்லாம் காப்பகத்தில் ஒரு நாய் எதையாவது உடைத்துவிட்டால், வளர்த்தவர் பொறுப்பா, பார்த்துக்கொண்டவர் பொறுப்பா என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை நடக்கும். வேர்மானி வந்தது, சண்டை ஓய்ந்தது. கழுத்துப்பட்டையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கருவி. நாயின் மனதில் எழும் ஒவ்வொரு அசைவையும் அது பதிந்து வைத்திருக்கும். சேதம் நடந்த நொடியிலிருந்து பின்னால் நடந்துபோய், அந்த எண்ணம் யாரால் முளைத்தது என்று கண்டுபிடித்துவிடும். சட்டமும் சுருக்கமானதுதான். வேர் உயிரோடிருக்கும் மனிதர் என்றால் நாயை அவரிடமிருந்து பிரித்துவிடுவார்கள். இறந்துபோனவர் என்றால் அவரைப் பற்றிய நினைவை மட்டும் நாயின் மனதிலிருந்து எடுத்துவிடுவார்கள். அரை மணி நேர வேலை. வலிக்காது. வீட்டுக்கு வந்ததும் நாய் வழக்கம்போலச் சாப்பிடும்.

ஊருக்கே பெரிய நிம்மதி. தப்பு யாருடையது என்று கருவியே சொல்லிவிடுவதால், என் தப்பு என்று வாயைத் திறந்து சொல்லவேண்டிய சங்கடம் யாருக்கும் இல்லை. மன்னிப்புக் கேட்கிற வழக்கமே பத்துப் பதினோரு ஆண்டுகளில் தேய்ந்து காணாமல் போயிருந்தது. அர்த்தநாரியும் இதைக் கொண்டாடியவர்தான். ஒருமுறை பருத்தி காப்பகத்து மெத்தையைக் குதறிவிட்டபோது, சாப்பாட்டு நேரத்தை மாற்றியதே காரணம் என்று கருவி செலவைக் காப்பகத்தின் தலையில் போட்டது. அன்று அவரும் நிறைமதியும் பருத்திக்கு முட்டை அவித்துப் போட்டார்கள்.

இப்போது பர்வீன் நடந்ததைப் படித்தாள். திங்கட்கிழமை மாலை ஐந்து மணி. காப்பகத்தில் அழைப்புக் குரல்கள் ஒலிக்கும் நேரம். வீட்டுக்குப் போகும் முன் நாய்கள் பதறாமல் இருக்க, அவரவர் வீட்டார் பேசிப் பதிந்து கொடுத்த குரலை ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் போடுவார்கள். பருத்திக்கு நிறைமதியின் குரல் வந்தது. வழக்கமாக ஒருமுறை வாலை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும் நாய், அன்று வாசல் கண்ணாடிக் கதவின்மேல் முழு வேகத்தில் பாய்ந்தது. கதவு நொறுங்கியது. பருத்தி வெளியே ஓடியது. அதன் பின்னாலேயே, எங்கே போகிறோம் என்றே தெரியாமல், குட்டி எள்ளுவும் ஓடியது. சாலையில் நூல் மூட்டை ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது.

பூங்கோதையின் முகத்தில் ஐந்து விழுக்காட்டு வருத்தம் தெரிந்தது. அதற்குமேல் ஒரு இழை கூடத் தெரியவில்லை.

"இந்த நிறைமதி யாருங்க? நான் அவங்களைப் பாக்கணும்" என்றாள் மரகதம்.

அவள் இறந்துவிட்டாள் என்று பர்வீன் தணிந்த குரலில் சொன்னாள். மரகதம் அர்த்தநாரியைப் பார்த்தாள், பூங்கோதையைப் பார்த்தாள், பிறகு மடியில் கிடந்த பட்டையைப் பார்த்தாள்.

"அப்ப என்ற எள்ளுவ யாருமே ஒண்ணும் பண்ணலீங்களா? செத்துப்போன புள்ள ஒண்ணு, அப்புறம் மழை. நான் யாருகிட்டப் போயிக் கேக்கறதுங்க?"

சட்டப்படி அவளுக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. அது மேசைமேல் இருந்தது.

பருத்திக்கு அன்று மாலையே வேர் நீக்கம் செய்துவிடலாம், ஏழு மணிக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று பர்வீன் அர்த்தநாரியிடம் சொன்னாள். அவர் தலையாட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி. ஆட்டவில்லை. அந்தக் கருவிக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும்.

அர்த்தநாரிக்கு வேலை மூன்று மணிக்கே முடிந்துவிடும். மூன்றேகாலுக்குப் பருத்தியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். எட்டு மாதமாக அவர் ஒருநாளும் அப்படிச் செய்யவில்லை. காப்பகத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே, டிரான்ஸ்பார்மர் பக்கம், ஐந்து மணிவரை நின்றுகொண்டிருப்பார். ஐந்து மணிக்கு உள்ளேயிருந்து நிறைமதி பேசுவாள். "பருத்தி, வந்துட்டேன்டா கண்ணு. எங்க, மறக்காம வாலை எடுத்துட்டு வா, ஊட்டுக்குப் போலாம்." அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போவார். அந்தப் பதிவின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கலாம். வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்டால் அது வெறும் பதிவு. சுவருக்கு வெளியே நின்று கேட்டால் அவள் உள்ளே இருந்தாள்.

திங்கட்கிழமை மழை. குடைக்கம்பி ஒடிந்திருந்ததால், எட்டு மாதமாக யாரும் தொடாத ஆணியிலிருந்து நிறைமதியின் மழைக்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காற்று சுவரைத் தாண்டி உள்பக்கமாக வீசியது. பருத்திக்கு அவள் குரலும் கேட்டது, அவள் வாசமும் வந்தது. பாவம், அது வேறென்ன நினைக்கும்?

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏழு மணிக்குப் பருத்தி வீட்டில் இருக்கும். அவர் காலடியில் படுக்கும். நிறைமதியின் அறைக் கதவைத் தாண்டிப் போகும்போது ஒருமுறை நின்று மோந்து பார்க்கிறதே, அது மட்டும் இருக்காது. சொல்லிவிட்டால் பருத்தியே இருக்காது. நிறைமதி தாயில்லாமல் வளர்ந்த பெண். உலகத்தில் அவளைத் தினமும் தேடுகிறவர்கள் இரண்டே பேர்தான். அதில் ஒருவர் மனதிலிருந்து அவளைத் துடைத்தெடுக்க அவர் தலையாட்ட வேண்டும். அதுவும் அவர் செய்ததை அவள் பெயரில் எழுதிவிட்டு. பத்தொன்பது வயதில் செத்துப்போனவள், யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதவள்.

அவர் எழுந்து மரகதத்தின் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, உங்க எள்ளு போனதுக்குக் காரணம் நானுங்க. என்ற புள்ள இல்லீங்க. என்னை மன்னிச்சுருங்க."

பர்வீன் பேனாவைக் கீழே வைத்தாள். இந்த நாற்காலியில் உட்கார்ந்து இப்படி ஒருவர் பேசி அவள் கேட்டதே இல்லை. இதைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, வேர்மானி உங்களைக் கேட்கவில்லை என்று அவருக்கு எடுத்துச் சொன்னாள். அவர் மழைக்கோட்டைப் பற்றிச் சொன்னார். மரகதம் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நான்கு நாளில் அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் மழைக்கோட்டைக் கொண்டுவரச் சொல்லி, பருத்தியின் முன்னால் விரித்துச் சோதித்தார்கள். பருத்தி வயிற்றால் ஊர்ந்து வந்து, கோட்டின் கைக்குள் மூக்கை நுழைத்து, அதற்குள் யாரும் இல்லை என்று தெரிந்ததும் முனகியது. அர்த்தநாரி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். புது அறிக்கையில் முதல் வரி மாறியிருந்தது. அர்த்தநாரி, எண்பத்தெட்டு.

பர்வீன் நல்ல பெண். அவரைத் தனியாக அழைத்து ஒரு வழி சொன்னாள். மனிதர்களுக்கான வேர்மானி இப்போது வந்துவிட்டது. அவர் அந்தச் சுவரோரம் நின்றதற்கும் வேர் நிறைமதிதான் என்று அது காட்டிவிடும். அவர் சம்மதித்தால் அவருக்கும் பருத்திக்கும் ஒரே நாளில் வேர் நீக்கம் செய்துவிடலாம். "பிரிக்க வேண்டிய அவசியமே இருக்காதுங்க சார். ரெண்டு பேரும் நிம்மதியா ஒண்ணா இருக்கலாம்."

"அரை மணி நேரந்தானுங்களா?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"நாய்க்கு அரை மணி. மனுஷங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும்."

அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. பிறகு, "வேண்டாம்மா. அப்புறம் அப்படி ஒருத்தி இருந்தான்னே யாருக்கும் தெரியாமப் போயிரும்" என்றார்.

பிரிக்கப்பட்ட நாயை ஏற்க முதல் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு. மரகதம் முதலில் மாட்டேன் என்றாள். வெளியே வராந்தாவில் பருத்தி மழைக்கோட்டின்மேல் சுருண்டு படுத்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, "அதுவும் அழுவுது, நானும் அழுவறேன். ரெண்டும் ஒண்ணா இருந்துட்டுப் போறோம், குடுங்க" என்றாள். போகும்போது கோட்டையும் கேட்டாள். அர்த்தநாரி அதை மடித்துக் கொடுத்தார்.

குரலின் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது. அது பருத்தியுடையது, காப்பகத்தில் தொடர்ந்து ஒலிக்கலாம். வாசலுக்கு இரும்புக் கதவு போட்டார்கள். மரகதம் வேலைக்குப் போகும்போது பருத்தியை அங்கேயே விட்டாள். அர்த்தநாரி மட்டும் ஓர் ஆண்டுக்கு அந்த இடத்தின் அரைக் கிலோமீட்டருக்குள் வரக்கூடாது. வரும் எண்ணம் முளைக்கிறதா என்று பார்க்க அவர் கழுத்திலும் ஒரு வேர்மானி மாட்டினார்கள். வழக்குக்கு உரியவர் என்பதால் இரண்டு கருவிகளின் அன்றாட அறிக்கையும் அவருக்கு வரும்.

ஐந்து மணிக்கு அவர் வீட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். எதுவும் கேட்காது. ஐந்து ஐந்துக்கு இரண்டு தாள் வந்து விழும். ஒன்றில் பருத்தி என்று இருக்கும், இன்னொன்றில் அர்த்தநாரி. மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். மன அசைவு: ஐந்து மணி. வேர்: நிறைமதி, நூறு. சேதம்: எதுவுமில்லை.

அவர் நாளெல்லாம் அந்த இரண்டு தாளுக்காகக் காத்திருக்கப் பழகிக்கொண்டார். ஊருக்கு அந்தப் பக்கம் பருத்தி காதைத் தூக்கியிருக்கிறது, இன்றும் மறக்கவில்லை என்று அதைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும்.

ஓர் ஆண்டு முடிந்த அன்று பர்வீன் அவரை அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். தடை முடிந்தது, கருவியைக் கழற்றிவிடலாம், இனி அறிக்கை வராது என்றாள். நானே இன்னும் கொஞ்ச காலம் போட்டுக்கொள்கிறேனே என்று அவர் கேட்டுப் பார்த்தார். அவள் ஓராண்டுப் பதிவுகளையும் புரட்டினாள். எல்லா நாளும் ஒரே கடைசி வரி.

"சேதம் எதுவுமில்லைன்னு வர்றவங்களுக்கு இதைக் குடுக்க விதி இல்லீங்க சார்" என்று சொல்லி, அவள் மெதுவாக அதைக் கழற்றி எடுத்தாள்.

அப்போது மணி நாலே முக்கால்.